நீர் ஊசி போடாத மதியம்

போன வாரம் உங்கள் வார்டுக்குள் சும்மா எட்டிப் பார்த்தேன். கோட்டின் மடிப்புக்கூடக் கலையாத ஒரு பிள்ளை, ‘யூரின் வரலை டாக்டர்’ என்று நர்ஸ் சொன்ன மாத்திரத்தில் நீர் ஊசியை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். ஓய்வு பெற்றவளுக்கு அடுத்தவர் வார்டில் கத்த உரிமை கிடையாது என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது நீங்களே பேசக் கூப்பிட்டுவிட்டீர்கள். சேர்த்து வைத்துச் சொல்கிறேன், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீர் ஊசி என்று நான் சொல்வது ஃப்யூரோசிமைடு. மாத்திரையாகவும் உண்டு. எழுபதுகளில் நான் மதுரையில் வேலைக்குச் சேர்ந்தபோது அது வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் பெரிய டாக்டர்கள் அதற்கு முன்பு பாதரசம் சேர்ந்த ஊசிகளைப் போட்டு, பயந்து பயந்து சிறுநீருக்காகக் காத்திருந்தவர்கள். இந்தப் புது மருந்தைப் பார்த்து அவர்களுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வீங்கிப்போய் வந்தவர் மறுநாளே செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது?

அது செய்யும் வேலை இதுதான். சிறுநீரகத்தில் வடிகட்டிய நீர் நேராக மூத்திரப் பைக்கு வருவதில்லை. கொடைக்கானல் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு மாதிரி ஒரு மெல்லிய குழாயில் இறங்கி, திரும்பி, ஏறுகிறது. ஏறுகிற பக்கத்தில், வெளியே போகப் பார்க்கும் உப்பை உடம்பு திரும்ப இழுத்துக்கொள்ளும். இந்த மருந்து அங்கே போய் அந்த இழுப்பை நிறுத்திவிடுகிறது. உப்பு வெளியே போகும், அதன் பின்னாலேயே தண்ணீர் போகும், கூடவே பொட்டாசியமும் போகும். அவ்வளவுதான். இந்த உடம்பில் எது மிச்சத் தண்ணீர், எது உயிருக்கு வேண்டிய தண்ணீர் என்று அந்த மருந்துக்குத் தெரியாது. அது நமக்குத்தான் தெரிய வேண்டும்.

கீழவாசல் பக்கம் மெத்தைக் கடை வைத்திருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மைதீன் பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாரடைப்பு வந்து இதயத் தசை பலவீனமாகிப் போன மனிதர். பஞ்சுத் தூசிக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் வாய் ஓயாமல் பேசுவார். ஒரு மார்கழிக் காலையில் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குள் வந்தார்கள். படுக்க முடியவில்லை. வாயில் நுரை. உதடு நீலம். நுரையீரலுக்குள் தண்ணீர் நிரம்பி, மனிதர் தரையில் இருந்துகொண்டே மூழ்கிக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் வைத்து, நீர் ஊசியை நரம்பில் மெதுவாக ஏற்றினேன். அவசரப்பட்டுக் குத்தாதீர்கள், பெரிய அளவை வேகமாக ஏற்றினால் காது கெட்டுப்போகும். சிறுநீர் இறங்குவதற்கு முன்பே அவருக்கு மூச்சு கொஞ்சம் இலகுவானது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் பாரத்தை முதலில் குறைப்பதும் அந்த மருந்தின் குணம்தான். பிறகு பாட்டில் பாட்டிலாகச் சிறுநீர் இறங்கியது. காலை டிபன் நேரத்துக்கெல்லாம் பக்கத்துக் கட்டில்காரரிடம் இலவம் பஞ்சின் பெருமையைப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இதையெல்லாம் பக்கத்திலேயே நின்று பார்த்தவர் அவருடைய மனைவியின் தம்பி ஜமால். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ் நடத்துகிறவர். குரல் பெரிசு, மனசும் பெரிசு. “ஒரே ஊசிதான், எங்க மச்சான் உசுரு திரும்பி வந்துருச்சு” என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாருக்குக் கால் வீங்கினாலும் ஜமால் கூட்டிக்கொண்டு வந்து, “அந்த ஊசியப் போடுங்க டாக்டரம்மா” என்பார். சிரித்துச் சமாளிப்பேன்.

மைதீன் பாயைத் தினமும் காலையில் ஒரு நீர் மாத்திரையும், இதயத்துக்குப் பலம் கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரையும் சாப்பிடச் சொல்லி அனுப்பினேன். உப்பைக் குறையுங்கள், தண்ணீரை அளவோடு குடியுங்கள், மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள் என்றும் சொன்னேன். அதை அப்படியே செய்தார். செருப்புக்குள் நுழையாமல் வீங்கிக் கிடந்த கால் இரண்டும் பழையபடி ஆகிவிட்டன.

எண்பதுகளின் நடுவில் ஓரிரு வருஷம் நோன்பு மாதமும் கத்திரி வெயிலும் ஒன்றாக வந்தன. தார் ரோடு செருப்பில் ஒட்டுகிற வெயில். அப்படி ஒரு நாள் மதியம் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே ஜமாலின் சத்தம். போய்ப் பார்த்தால் ஆட்டோவிலிருந்து மைதீன் பாயை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே மெத்தை மேல் சாய்ந்துவிட்டாராம். கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் ஏதோ முனகினார். அதையும் இதையும் சம்பந்தமில்லாமல் பேசினார். கை சில்லென்று இருந்தது. நாடி ஓடிய ஓட்டத்தில் நடுவே நடுவே தடுக்கி விழுந்தது.

எங்கள் டியூட்டி டாக்டர் நல்ல பையன், சுறுசுறுப்பு. நான் வருவதற்குள் நீர் மருந்துக் குப்பியை உடைத்து சிரிஞ்சில் ஏற்றிவிட்டார்.

“மேடம், பழைய ஹார்ட் ஃபெயிலியர். பல்ஸ் ரொம்ப வேகம். லங்ஸ் அடியில கொஞ்சம் சத்தம் கேக்குது. காலையில இருந்து யூரினே போகலையாம். போட்டுரவா?”

“போடுங்க தம்பி, எதுக்குக் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க? போன தடவ போட்ட அதே ஊசிதான!” என்று ஜமால் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அந்தப் பையன் சொன்ன எல்லாமே உண்மை. ஒன்றுகூடத் தப்பில்லை. உங்களில் யார் நின்றிருந்தாலும் போட்டிருப்பீர்கள்.

“ஊசியக் கீழ வை. அவரைத் தட்டையாப் படுக்க வை” என்றேன்.

“மேடம், மூச்சுத் திணறுமே...”

“படுக்க வைன்னு சொல்றேன்ல!”

தலையணையை உருவிப் படுக்க வைத்தோம். படுத்தார். திமிறவில்லை, எழுந்து உட்காரத் துடிக்கவில்லை. மார்கழியில் நாற்காலியை விட்டு முதுகைச் சாய்க்க முடியாமல் தவித்த அதே மனிதர், இப்போது தட்டையாகப் படுத்துக்கொண்டு மூச்சு விட்டார். நுரையீரல் நிறையத் தண்ணீர் இருக்கிறவரால் அது முடியாது.

கழுத்தைப் பார்த்தேன். படுத்திருக்கும்போது எல்லாருக்கும் கழுத்து நரம்பு கொஞ்சமாவது தெரியும். அவருக்கு இருந்த இடமே தெரியவில்லை. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு காய்ந்த தோல் மாதிரி இருந்தது. அடிவயிற்றைத் தட்டிப் பார்த்தேன், மூத்திரப் பை காலி. அடைப்பு இல்லை, சிறுநீர் உற்பத்தியே ஆகவில்லை. காலில் வீக்கம் இருந்த இடத்தில் தோல் தொளதொளவென்று தொங்கியது. தோளைத் தூக்கிக் கொஞ்சம் நிமிர்த்தினோம். ரத்த அழுத்தக் கருவியின் பாதரசம் மடமடவென்று இறங்கியது, கண் செருகியது. உடனே படுக்க வைத்துவிட்டோம். நுரையீரலின் அடியில் கேட்ட சத்தம் அவருக்கு மாசக் கணக்காக இருக்கும் பழைய சத்தம். ஒவ்வொரு தடவை செக்கப்புக்கு வரும்போதும் நான் கேட்டிருக்கிறேன்.

இந்த உடம்பில் தண்ணீர் மிச்சம் இல்லை, வற்றிவிட்டது. வற்றிய கிணற்றில் மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும்? தண்ணீர் வராது, மோட்டார்தான் எரியும். சிறுநீர் வரவில்லை என்று அந்த ஊசியைப் போட்டிருந்தால் சிறுநீரகம் அன்றைக்கே போயிருக்கும், ஆளும் போயிருப்பார்.

ஈ.சி.ஜி. எடுத்தோம். தாள் முழுக்க அலைகள் தட்டையாகி, இடையிடையே இதயம் தாறுமாறாகத் துள்ளியிருந்தது. பொட்டாசியம் குறைந்த உடம்பில் டிஜாக்சின் விஷமாக வேலை செய்யும். ரத்தத்தை லேபுக்கு அனுப்பினேன். அந்தக் காலத்தில் முடிவு வரச் சாயங்காலம் ஆகும். சாயங்காலம் வரை காத்திருக்கிற நிலைமையில் அவர் இல்லை.

“நார்மல் சலைன் போடு” என்றேன். டியூட்டி டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். இதயம் பலவீனமான ஆளுக்குச் சலைன் ஏற்றக் கூடாது என்று பாடம் நடத்தியதே நான்தான்.

எனக்கும் பயம்தான். நன்றாகவே பயந்தேன். கணக்கு தப்பினால் நான் ஏற்றும் தண்ணீரே நேராக நுரையீரலுக்குப் போய் அவரை மூழ்கடிக்கும். ஆனால் கண்ணால் பார்த்ததும் கையால் தொட்டதும் காதால் கேட்டதும் எல்லாம் ஒன்றைத்தான் சொல்லின. அப்புறமும் தயங்கினால் நான் எதற்கு டாக்டர்?

பாட்டிலைத் தொங்க விட்டதும் ஜமால் பாய்ந்து வந்துவிட்டார்.

“என்ன பாட்டிலு இது?”

“உப்புத் தண்ணி.”

“உப்பையே தொடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க! அம்புட்டு நாளு உப்பில்லாத கஞ்சியக் குடிச்ச மனுசனுக்கு உப்புத் தண்ணிய ஏத்துறீங்க? கொல்லப் பாக்குறீங்களா? ஊசிய வச்சுக்கிட்டே போட மாட்டேங்கிறீங்களே, என்ன அநியாயம் இது!”

கூட வந்த கடைக்காரர்கள் வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். யாரோ வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றார். ஜமால் கட்டிலின் கம்பியைப் பிடித்துவிட்டார்.

“ஜமால், நல்லாக் கேட்டுக்கங்க. போன தடவ அவர் உடம்புல தண்ணி பெருகிக் கெடந்துச்சு, எடுத்தேன். இன்னைக்கு வறண்டு கெடக்கு, குடுக்குறேன். அந்த ஊசிய இன்னைக்குப் போட்டா உங்க மச்சான் இருக்க மாட்டார். நீங்க என்னை அடிச்சாலும் போட மாட்டேன். இந்தக் கட்டிலை விட்டு நான் நகரவும் மாட்டேன். ஏதாவது ஆச்சுன்னா உங்க முன்னாலதான் ஆகும், என்னை அப்பக் கேளுங்க.”

அவர் கம்பியை விட்டார். வெளியே போகவில்லை. என் முதுகுக்குப் பின்னாலேயே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் ஏற்றுவது, நிறுத்துவது, நுரையீரலின் அடியிலிருந்து மேலே வரை கேட்பது. சத்தம் மேலே ஏறாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம். இப்படித்தான் அந்த மதியம் ஓடியது. இதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. பக்கத்திலேயே இருப்பதுதான் வைத்தியம். பாட்டிலைத் திறந்து விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற பழக்கம் உங்களில் யாருக்காவது இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

பாட்டிலில் பாதி இறங்கியிருந்தபோதுதான் மைதீன் பாயின் மனைவி பாத்திமா அம்மா வந்து சேர்ந்தார். பழங்காநத்தத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள். போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியின் முனையை வாயில் வைத்துக்கொண்டு, கால்மாட்டில் நின்று கணவரைப் பார்த்தார். அழவில்லை.

“நோன்பு வச்சிருக்காராம்மா?” என்று கேட்டேன்.

“ஆமா டாக்டரம்மா. ஒண்ணுகூட விடல. நோயாளிக்குக் கட்டாயம் இல்லைன்னு பள்ளிவாசல் ஹஸ்ரத்தே சொன்னாரு. கால் வீக்கம் இல்ல, மூச்சு வாங்கல, நான் என்ன நோயாளி, கல்லு மாதிரி இருக்கேன்னு சொல்லிட்டாரு.”

“மாத்திரை?”

“விடியிறதுக்கு முன்ன சஹர் சாப்பாட்டுக்கு எந்திரிச்சதும் ரெண்டையும் போட்டுக்குவாரு. ஒரு நாளும் விடக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்கள்ல. நோன்பு தொறந்தாலும் ஒரு டம்ளர் கஞ்சி, ஒரு டம்ளர் தண்ணி, அம்புட்டுதான். தண்ணியக் கொறைக்கணும்னு டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க, நோன்பும் ஆச்சு வைத்தியமும் ஆச்சும்பாரு. காலு இன்னும் மெலிஞ்சதும், பாத்தியா, அல்லாவோட கருணை, ரஹ்மத்துன்னு என்கிட்ட காட்டிக் காட்டிச் சந்தோசப்பட்டாரு.”

கேட்டுக்கொண்டிருந்த டியூட்டி டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். யோசித்துப் பாருங்கள். மாத்திரை அவரைக் குணமாக்கியது. குணமானதால், தான் நோயாளி இல்லை என்று நினைத்தார். நோயாளி இல்லை என்பதால் நோன்பு வைத்தார். விடியும் முன் போட்ட மாத்திரை ஒவ்வொரு நாளும் அவரிடமிருந்து உப்பையும் தண்ணீரையும் இறைத்தது. மெத்தைக் கடை வெக்கை மீதியை வியர்வையாக எடுத்துக்கொண்டது. உள்ளே போனது ஒன்றுமில்லை. வைத்தியத்தையும் மார்க்கத்தையும் ஒரு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தே ஒரு மனிதர் சாவின் வாசலுக்கு வந்துவிட்டார்.

அதனால்தான் இந்த மாத்திரையை எழுதும்போது, எப்போது சாப்பிட வேண்டும் என்பதோடு நிறுத்தக் கூடாது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், சாப்பாடு தண்ணீர் இறங்காவிட்டால், எழுந்து நின்றதும் தலை சுற்றினால், அன்றைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு நேரே வா என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். நோன்பா, விரதமா, பழநிக்குப் பாதயாத்திரையா என்று நாம்தான் கேட்க வேண்டும். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், அது நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைப்பார்கள். கால் வற்றிய பிறகும் அதே அளவு வேண்டுமா என்று எடையையும், பொட்டாசியத்தையும், சிறுநீரகத்தையும் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும்.

அந்த மதியத்துக்கு வருகிறேன். ரத்த அழுத்தம் மெல்ல மெல்ல ஏறியது. கை சூடானது. வெயில் இறங்கும் நேரத்தில் நர்ஸ் ஓடி வந்து, “மேடம், யூரின்!” என்றார். தேநீர் நிறத்தில் கொஞ்சூண்டு. ஜமால் அந்த மூத்திரப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “அல்ஹம்துலில்லா, ஊசி போடாமலே வந்துருச்சே!” என்றார். சிறுநீர் வந்த பிறகுதான் பொட்டாசியத்தைச் சலைனில் கலந்தேன். சிறுநீர் வராதவருக்குப் பொட்டாசியம் ஏற்றாதீர்கள், வந்தவருக்கும் அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். இரண்டுமே இதயத்தை நிறுத்திவிடும். லேப் முடிவும் வந்தது. பயந்த மாதிரியே பொட்டாசியம் தரையில் கிடந்தது. நாடி இன்னும் தடுக்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சொட்டு நிற்கவே கூடாத நேரம்.

அப்போதுதான் மைதீன் பாய் முழுசாகக் கண்ணைத் திறந்தார். சுற்றிப் பார்த்தார். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது.

“மஹ்ரிபு பாங்கு சொல்லிட்டாங்களா? நோன்பு தொறக்கலாமா?” என்றார்.

“இன்னும் இல்ல மச்சான்” என்றார் ஜமால்.

அவர் பார்வை பாட்டிலுக்குப் போய், குழாய் வழியே இறங்கி, தன் கைக்கு வந்து நின்றது. முகம் மாறிவிட்டது.

“என் நோன்ப முறிச்சுட்டீங்களா? யாரைக் கேட்டு ஏத்துனீங்க? இன்னும் கொஞ்ச நேரம்தான இருக்கு, பொறுக்க மாட்டீங்களா?” என்று கத்தியபடி மறு கையால் ஊசியைப் பிடித்துவிட்டார். ஜமால் அவர் கையைப் பிடிக்கப் போனார். “தொடாத!” என்று ஒரு உறுமல். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இழுபறியில் ஊசி வெளியே வந்துவிட்டால், சுருங்கிக் கிடக்கும் அந்த நரம்பை மறுபடியும் எப்போது பிடிப்பது? அவர் போராடப் போராட இதயம் என்ன ஆகும்? யாரைக் கேட்டு ஏற்றினேன்? யாரையும் கேட்கவில்லை.

“நான்தாங்க ஏத்தச் சொன்னேன்.”

பாத்திமா அம்மா கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு வந்தார்.

“டாக்டரம்மா வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் ஏத்துங்கன்னு காலப் பிடிச்சேன். நோன்பு முறிஞ்ச பாவம் என்னோடது. அல்லா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க இல்லாத வீட்டுல எனக்குப் பெருநாள் வேணாம். கைய எடுங்க.”

மைதீன் பாய் அவரையே பார்த்தார். பிறகு ஊசியிலிருந்து கையை எடுத்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார். சொட்டு நிற்கவில்லை. அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார்.

அந்த அம்மா உள்ளே வந்தபோதே பாட்டிலில் பாதி இறங்கியிருந்ததை நான் சொன்னேன் அல்லவா. அவர் என்னிடம் ஏற்றுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. படைத்தவனுக்குப் பயந்து ஒரு வேளைத் தொழுகையைக்கூடத் தவற விடாத பெண்மணி அவர். நான் தனியாக எடுத்த முடிவை என்னிடமிருந்து வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, அதற்கு மறுமையில் பதில் சொல்லவும் தயாராக நின்றார். நான் நன்றி சொல்லப் போனபோது, “மொதல்ல போயி ஏதாச்சும் சாப்பிடுங்க டாக்டரம்மா, மொகமெல்லாம் வாடிக் கெடக்கு” என்றார்.